அக்கி வந்தால் பொறுக்காதீர்கள்

"நெருப்புல போட்டாத்தானே தங்கம் மின்னும்ணே" என்று நான் அக்கி வலியில் கிடந்த எட்டு மாதத்தில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் குறைந்தது இருபது பேர் இருப்பார்கள். வலி ஆளைப் பக்குவப்படுத்தும் என்று அர்த்தம். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் நான் முப்பது வருஷமாகத் தங்கத்தை நெருப்பில் போடுகிறவன். மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. 22 காரட் நகையை நெருப்பில் ஊதி எடுத்துப் பாருங்கள், மின்னாது, கறுத்துப்போய்த்தான் வரும். 91.6 சதவீதம் தங்கம் போக மீதியில் செம்பு இருக்கிறதே, அது சூட்டில் காற்றுப் பட்டுக் கருகிவிடும். தண்ணீர் கலந்த திராவகத்தில் போட்டு எடுத்து, பிரஷ் வைத்துத் தேய்த்து, மெருகு போட்ட பிறகுதான் நிறம் திரும்பும். ஊதும்போது ஒரு நொடி அசந்தால் சங்கிலிக் கண்ணி உருகி உருண்டையாக நிற்கும். நெருப்பு செய்வது அவ்வளவுதான், மற்றதெல்லாம் கை வேலை. இது தெரிந்தும் என் உடம்பு விஷயத்தில் நானும் "பொறுத்துப் பார்ப்போம்" என்று இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை 84,200 ரூபாய், பதினொரு வாரம் வேலை, எட்டு மாதத் தூக்கம். யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

வந்தது அக்கி. சித்திரைத் திருவிழா சமயம். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று தாலிக்கயிறு மாற்றுகிற ஊர் இது. அதற்கு முந்தைய வாரங்களில் தாலி உருக்களைச் சரிசெய்து தரச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை இடது மார்புக்குக் கீழே, விலா ஓரமாக ஒரு எரிச்சல். குனிந்து ஊதியதில் சுளுக்கு என்று நினைத்தேன். மறுநாள் அது முதுகுப் பக்கம் வரை பட்டையாக ஓடியது. ஊசி குத்துகிற மாதிரி, அப்புறம் சூடு வைத்த மாதிரி, நடுநடுவே அரிப்பு. தோலில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். இடது மார்பு என்றதும் ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது, கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 3,400 ரூபாய். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அக்கியில் கொப்புளம் வருவதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் முன்பே வலி வந்துவிடும். அந்த நாட்களில் மார்பில் வந்தால் இதயம் என்றும், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல் என்றும், நெற்றியில் வந்தால் ஒற்றைத் தலைவலி என்றும்தான் தோன்றும்.

ஆனால் ஒரு அடையாளத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில்தான் வரும். முதுகுத்தண்டில் தொடங்கி விலாவைச் சுற்றி முன்பக்கம் நடுக்கோடு வரை வந்து, கோடு போட்ட மாதிரி நின்றுவிடும். சின்ன வயதில் நமக்கு அம்மை போட்டிருக்கும் அல்லவா, அந்தச் சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை. தண்டுவடத்தை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐம்பது வயதைத் தாண்டும்போதோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அந்த ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் அந்த நரம்பு ஓடுகிற பட்டையில் மட்டும் எரிகிறது. ஒரு பக்கமாக, புதிதாக, தோல் எரிச்சலாக வருகிற எந்த வலிக்கும் முதல் வேலை, தினம் இரண்டு வேளை சட்டையைக் கழற்றிவிட்டு வேறொருவரை முதுகைப் பார்க்கச் சொல்வது. மார்பு வலிக்கு ஈசிஜி எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டு, அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள் என்கிறேன்.

சனிக்கிழமை காலை நாலைந்து கொப்புளம். சிவந்த தோலில் முத்து முத்தாக, கொத்தாக. சித்திரை வெயில், சூட்டுக் கொப்புளம் என்று முடிவு கட்டி என் வீட்டுக்காரி சந்தனம் அரைத்துப் போட்டாள். மறுநாள் பார்த்த சித்தப்பாதான் இது அக்கி என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் அடுத்துச் சொன்னது, "எழுதிட்டா சரியாயிரும்".

அக்கி எழுதுவது என்றால் இந்தப் பக்கம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் காவிக்கல்லை உரசிக் குழைத்து, இறகால் கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்து உருவம் எழுதுவார்கள். மூன்று நாள் எழுத வேண்டும், குளிக்கக் கூடாது, எண்ணெய், காரம் ஆகாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் விளாச்சேரிப் பக்கம் போய் எழுதிக்கொண்டேன். அந்தப் பெரியவர் காசு கேட்கவில்லை, வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். காவி குளிர்ச்சி ஒரு மணி நேரத்துக்கு இதமாகவும் இருந்தது. அவர் கை இவ்வளவு மெதுவாகப் படுமா என்று எனக்கே ஆச்சரியம். அதனால் நான் எழுதுவதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கிருமி நரம்புக்குள் இருக்கிறது, காவி தோலுக்கு மேல் இருக்கிறது. கொப்புளம் உடைந்த இடத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் வழி உண்டு. எல்லாவற்றையும் விட, அந்த மூன்று நாள்தான் மருந்து வேலை செய்கிற மூன்று நாள். கடைசி நாளில் அந்தப் பெரியவரே "டாக்டரையும் ஒரு தடவை பாத்துக்கங்க தம்பி" என்றார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

இனி சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்கிக்கு மருந்து இருக்கிறது. முதல் கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள், ஆக 35 மாத்திரை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று மணி வைத்துப் போட வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று வேளை மாத்திரைக்குப் பழகிய நாம் இதையும் மூன்றாகச் சுருக்கிவிடுகிறோம். அது முடியாது என்றால் வாலாசைக்ளோவிர் 1 கிராம், மூன்று வேளை, ஏழு நாள். விலை கூடுதல், மறக்காமல் போடுவது சுலபம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், ஆகவே மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மேலே தடவுகிற அசைக்ளோவிர் களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, இந்த அக்கிக்கு அது போதவே போதாது. மூன்று நாள் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அதற்குப் பிறகும் தொடங்குவார்கள். எனக்குப் புதன்கிழமை சாயங்காலம் தொடங்கினார்கள். கணக்குப் போட்டால் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோல் மருத்துவர் திட்டவில்லை. "சனிக்கிழமையே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். கையோடு சர்க்கரைப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். அக்கி வந்தவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம். செலவுக்கு யோசிக்கிறவர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. அக்கி அப்படியே இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை அம்மை போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி இவர்களை, பொருக்கு தட்டும் வரை பக்கத்தில் விடக் கூடாது. சுத்தமான துணி வைத்து மூடி வையுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். குளிக்கக் கூடாது என்பதெல்லாம் வேண்டாத வேலை. மெதுவாகக் கழுவி ஒற்றி எடுக்கலாம்.

இன்னொன்று இதைவிட அவசரம். நெற்றியில், கண் இமையில், குறிப்பாக மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போகிறது ஒரே நரம்புக் கிளை. பார்வையே போகக்கூடும். மதுரையில் இருந்துகொண்டு கண்ணுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கண் ஆஸ்பத்திரி என்றதும் டாக்டர் வெங்கடசாமி ஞாபகத்துக்கு வருகிறார். எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் அடிக்கடி இழுத்த பெயர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவருக்கு முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. அந்த வலியிலிருந்துதானே அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்தது, பார்த்தீர்களா என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் படுக்கையில் கிடந்த காலத்தில் எதுவும் பிறக்கவில்லை. எழுந்து நிற்க முடிந்த பிறகு கண் மருத்துவம் படித்தார். கோணிய விரலுக்குத் தோதாகக் கருவி செய்துகொண்டார். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவைச் சிகிச்சை செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976ல் 11 படுக்கையோடு மருத்துவமனை தொடங்கும்போது வயது 58. கூடப் பிறந்தவர்கள் துணைக்கு நின்றார்கள். கருவி, படிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புகழை முடக்குவாதத்துக்குக் கொடுப்பது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். அதே நோய் வந்து வீட்டு மூலையில் முடங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களெல்லாம் பக்குவம் போதாதவர்களா?

மாத்திரையை முடித்து, மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. தோல் ஆறி மூன்று மாதம் கழித்தும் வலி நின்றால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறார்கள். அக்கி வந்த பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு இது வரும். வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். மருந்து தாமதமானால் தப்பிக்கிற வாய்ப்பு குறையலாம். கிருமி அடங்கிவிடுகிறது, ஆனால் அது கடித்த நரம்பு பழுதாகி, சும்மா இருக்கும்போதே வலி வலி என்று மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். சட்டை உரசினால் பிளேடு இழுத்த மாதிரி இருக்கும். தளர்வான சட்டைதான் நல்லது என்று போட்டுப் பார்த்தேன், அது ஆடி ஆடி உரசிக் கொன்றது. உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்தி பனியன் பரவாயில்லை. ஆறிய தோலின் மேல் சாப்பாடு பொட்டலம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று சுற்றி, மேலே சட்டை போட்டுக்கொள்ளலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பஸ்ஸில் போக முடியும்.

மாத்திரை விஷயத்தில் என் அறியாமைக்கு இரண்டு மாதம் போனது. தலைவலி, மூட்டுவலிக்குப் போடுகிற மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. தினம் இரண்டு போட்டு வயிற்றைத்தான் புண்ணாக்கிக்கொண்டேன். இதற்கென்று இருப்பவை காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை. காபாபென்டினை இரவில் 100 அல்லது 300 மில்லிகிராமில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டு போவார்கள். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கும். அது மனச்சோர்வுக்கும் தருகிற மருந்து, சீட்டைப் பார்த்துவிட்டு "எனக்கென்ன பைத்தியமா" என்று தூக்கிப்போடாதீர்கள். நரம்பு வலிக்கு அது தனியாகவே வேலை செய்கிறது. வயதானவர்களுக்கு, இதயக் கோளாறோ சிறுநீர் போவதில் சிக்கலோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துகள் ஒரே நாளில் கேட்காது, அளவு சேர்ந்து பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நான் ஐந்தாம் நாளே "இது வேலைக்காகாது" என்று சடாரென நிறுத்தினேன். அது இரட்டைத் தப்பு. இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தோலை மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன் பட்டை என்று ஒன்று உண்டு. ஆறிய தோலில் ஒட்டி 12 மணி நேரம், எடுத்துவிட்டு 12 மணி நேரம் சும்மா. வலிக்கிற இடத்துக்கு ஏற்ற அளவில் கத்தரியால் வெட்டி ஒட்டலாம். மிளகாய்க் காரத்தில் இருக்கிற கேப்சைசின் களிம்பும் தருவார்கள். முதல் சில நாள் அதுவே எரியும், தடவிய கையைக் கண்ணில் வைத்தால் தீர்ந்தீர்கள்.

மாத்திரைத் தூக்கத்தில் வேலை செய்யக் கூடாது என்பதைக் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு சங்கிலியைப் பற்றவைக்க வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது கண் சொக்கியது. மூன்று கண்ணி ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. சரிசெய்து கொடுக்க என் கையிலிருந்து 6,000. மற்ற கணக்கு: தோல் மருத்துவர், மாத்திரை 2,600, நரம்பு மருந்து 8,800, பட்டை 4,000, வேலைக்குப் போகாத 66 நாளுக்கு நாள் 900 வீதம் 59,400. முதல் வார ஈசிஜி செலவையும் கூட்டிப் பாருங்கள். புதன்கிழமை தொடங்கிய அதே மருந்தைச் சனிக்கிழமை தொடங்கியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கக்கூடும்.

இப்போது பக்குவத்துக்கு வருகிறேன். இரவு இரண்டு மணிக்கு வலிக்கும்போது ஞானம் வராது. பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாளே என்று எரிச்சல் வரும். பேரன் ஓடி வந்து கட்டிக்கொண்டபோது தள்ளிவிட்டேன். அவன் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. நாள் முழுக்க ஒரு சாண் அகலத் தோலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் எனக்கு இல்லை. வலி என்னைச் சின்ன ஆளாக்கியது. கொஞ்சமாவது யோசிக்கவும் மன்னிப்புக் கேட்கவும் முடிந்தது, மருந்து கேட்டுத் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்க ஆரம்பித்த பிறகுதான்.

மனநலம் படிக்கிற என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். அதிர்ச்சிக்குப் பின் வரும் வளர்ச்சி என்று ஒரு கருத்தே இருக்கிறது சித்தப்பா என்றாள். 1990களில் டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 21 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உண்டாக்கினார்களாம். ஆனால் அவர்களே, வளர்ச்சி துன்பத்திலிருந்து வருவதில்லை, அதற்குப் பிறகு மனிதன் போராடி மீள்வதிலிருந்து வருகிறது என்றுதான் சொல்கிறார்கள். 2009ல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாணவர்களைத் துன்பம் வருவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, வளர்ந்துவிட்டதாக அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் மாறியதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. பட்ட கஷ்டம் வீண் போகவில்லை என்று நம்ப எல்லோருக்கும் ஆசை. எனக்கும் இருக்கிறது. அதை நான் சொல்லிக்கொள்ளலாம், பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் மருந்துச் சீட்டைப் பிடுங்கிக் கிழிப்பது போலத்தான் இருக்கிறது.

நம்மூர்க் கதையிலேயே இது இருக்கிறது. கூன் பாண்டியனுக்கு வெப்பு நோய் வந்து உடம்பு தகித்தபோது இடப்பக்கத்தைச் சமணரும் வலப்பக்கத்தைச் சம்பந்தரும் பார்த்தார்கள் என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் தணிந்து மறுபக்கம் எரிந்ததைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு விலா சிலிர்க்கிறது. அந்த ராஜா பொறுத்துப் பக்குவப்படவில்லை. யாரால் தீர்க்க முடியுமோ தீருங்கள் என்று கேட்டான். வெப்பு தீர்ந்த பிறகுதான் கூன் நிமிர்ந்தது.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்று பெயர், இந்தியாவில் 2023லிருந்து கிடைக்கிறது. இரண்டு ஊசி, இடையில் இரண்டிலிருந்து ஆறு மாதம். ஒரு ஊசியே பத்தாயிரம் ரூபாய் பக்கம் வரும், நம் வருமானத்துக்குப் பெரிய தொகைதான். என் கணக்கை மேலே எழுதியிருக்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் போடலாம், திரும்பவும் வரக்கூடிய நோய்தான் இது.

போன மாதம் எங்கள் சந்தில் டீக்கடை வைத்திருப்பவர் வலது இடுப்பைத் தேய்த்துக்கொண்டே டீ ஆற்றினார். சுளுக்கு என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நாலு கொப்புளம், காலையில்தான் வந்ததாம். கடையை அவர் மகனிடம் விட்டுவிட்டு அப்போதே கூட்டிக்கொண்டு போனேன். ராத்திரி பத்து மணி மாத்திரைக்கு நானே போன் போட்டு எழுப்பினேன். நாலாவது வாரம் பழையபடி கடையில் நிற்கிறார். எந்தப் பக்கம் வந்தது என்று யாராவது கேட்டால், ஒரு நொடி யோசித்துத்தான் சொல்கிறார்.